பிரைட்டன் சாலை – 12: வராத போருக்கு வாங்கிய வண்டி

சென்ற இதழில் தாமஸ் டில்லிங்கின் குதிரை பஸ்களோடு ஸ்ட்ரெதம் வந்து சேர்ந்தோம். அந்தக் குதிரைகளை இன்னும் அவிழ்த்துவிட வேண்டாம். பெக்கம் லாயத்திலிருந்து டில்லிங் வாடகைக்கு அனுப்பிய குதிரைகளுக்கு பஸ் இழுப்பதோடு வேலை முடியவில்லை. லண்டன் தீயணைப்புப் படையின் பம்பு வண்டிகளையும் அவையே இழுத்தன. நடுராத்திரியில் மணி அடித்தால் எழுந்து ஓடத் தெரிந்த குதிரைகளைத் தனியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

ஸ்ட்ரெதம் ஹை ரோடு என்பது நம் தொடரின் நாயகனான பிரைட்டன் சாலையேதான். நவம்பரில் பழைய கார்கள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலம் போகும் வழக்கம் நமக்குத் தெரியும். பழைய லாரிகளுக்கும் பஸ்களுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் தனியாக ஒரு பிரைட்டன் ஓட்டம் உண்டு. 1962-இல் தொடங்கியது, மே மாதத்தில் நடப்பது. புறப்படும் இடம் காலப்போக்கில் பலமுறை மாறியிருக்கிறது. பித்தளை மணியை ஆட்டிக்கொண்டு போகும் சிவப்பு வண்டிகளின் மவுசு மட்டும் குறையவில்லை. குழந்தைகள் கையசைப்பதும் பெரியவர்கள் செல்போனை நீட்டுவதும் சிவப்புப் பெயின்டுக்கும் மணிக்கும் ஏணிக்கும்தான். வண்டியின் நடுவில் இருக்கும் பம்பை யாரும் பார்ப்பதில்லை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது அந்தப் பம்பைப் பற்றி. ஒரு தீயணைப்பு வண்டி எப்படி வாழ்ந்தது, ஓய்வுபெற்ற பிறகு எங்கே போனது என்பதையெல்லாம் தீர்மானித்தது அதுதான்.

தொடக்கத்தில் பம்பு என்றால் மனிதக் கை. வண்டியின் இருபுறமும் நீண்ட மரக்கைப்பிடி. ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர், எதிர்ப்பக்கம் அதே எண்ணிக்கை, மாறி மாறி அமுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். படையில் அத்தனை ஆள் இல்லை. தெருவில் வேடிக்கை பார்க்க வந்தவர்களைத்தான் கூலிக்குப் பிடித்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு 1 ஷில்லிங், பிறகு மணிக்கு 6 பென்ஸ், கூடவே பீர். பீர் வரத் தாமதமானால் கைப்பிடி நின்றுவிடும். பீர் எங்கே என்று கூட்டம் ராகம் போட்டுக் கத்தும். எரிகிற வீட்டுக்காரனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

1829-இல் ஜான் பிரெய்த்வெயிட்டும் ஜான் எரிக்சனும் நீராவியால் இயங்கும் தீயணைப்புப் பம்பைக் கட்டினார்கள். அதே ஆண்டு ரெயின்ஹில் போட்டியில் ஸ்டீவன்சனின் ராக்கெட்டிடம் தோற்ற ரயில் இன்ஜினும் இவர்களுடையதுதான். 1830 பிப்ரவரியில் லண்டன் ஆர்கைல் ரூம்ஸ் கட்டடம் எரிந்தபோது கடுங்குளிர். கைப்பம்புகள் உறைந்து நின்றன; நீராவிப் பம்பு ஐந்து மணி நேரம் நிற்காமல் இறைத்தது. இதைப் பார்த்த பிறகு லண்டன் உடனே நீராவிக்கு மாறியிருக்க வேண்டும். மாற முப்பது ஆண்டுகள் ஆயின.

காரணம் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். எடின்பரோவில் பெயர் எடுத்துவிட்டு, 1833-இல் காப்பீட்டுக் கம்பெனிகள் தங்கள் தனித்தனிப் படைகளை ஒன்றாக்கியபோது லண்டனுக்குத் தலைமை ஏற்க வந்தவர். தன் ஆட்கள் கட்டடத்துக்குள் நுழைந்து நெருப்பின் அடியிலேயே தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும் என்பது அவர் கொள்கை. நீராவிப் பம்பு வந்தால் தெருவில் நின்றபடியே பீய்ச்சப் பழகிவிடுவார்கள் என்று பயந்தார். இன்னொரு காரணமும் இருந்தது: அந்தப் பம்பு குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் தர லண்டன் தெருக்குழாய்களுக்குத் திராணி இல்லை. அவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதுபவர்கள் இந்த இரண்டாவது காரணத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் பெரிய பம்பு எதற்கு? 1860 வாக்கில் அவரே இறங்கிவந்து ஷாண்ட் மேசன் நிறுவனத்தின் நீராவிப் பம்பை வாடகைக்கு எடுத்தார். 1861 ஜூன் 22 அன்று டூலி தெருக் கிடங்குத் தீயில் சுவர் இடிந்து விழுந்து அவர் இறந்தார்.

1866-இல் பெருநகர் தீயணைப்புப் படை பிறந்தது. தலைவர் கேப்டன் ஐர் மாஸி ஷா. அவர் காலம் நீராவியின் பொற்காலம். மணி அடித்ததும் குதிரை பூட்டி ஓட வேண்டும், ஓடும்போதே பாய்லரில் கரி போட்டு நீராவி ஏற்ற வேண்டும். நிலையத்தில் நிற்கும்போதே எரிவாயு விளக்கால் பாய்லர் நீரை வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். சம்பவ இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அழுத்தம் ஏறிவிடும். புகைபோக்கியிலிருந்து தீப்பொறி பறக்க இரண்டு குதிரைகள் ஹை ரோட்டில் பாய்ந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு, தீயை அணைக்கப் போகிறார்களா மூட்டப் போகிறார்களா என்று சந்தேகம் வந்திருந்தால் ஆச்சரியமில்லை. கிரீனிச்சில் இருந்த மெரிவெதர் கம்பெனியின் பம்புகள் பிரிட்டிஷ் ராஜ்ஜியம் முழுதும் கப்பலேறின.

ஸ்ட்ரெதத்துக்கும் நிலையம் வந்தது. மிச்சம் லேனில், லண்டன் கவுண்டி கவுன்சில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய செங்கல் கட்டடம். இன்று அது மசூதி. ஸ்ட்ரெதம் அப்போது லண்டன் கவுண்டியின் தெற்கு விளிம்பு. நார்பரி வந்துவிட்டால் குரோய்டன், அது வேறு ஊர், அங்கே வேறு தீயணைப்புப் படை. இந்த எல்லைக் கதை நமக்குப் பிறகு தேவைப்படும்.

மோட்டார் வந்த கதையை விரைவாகத் தாண்டுவோம். 1904-இல் வடக்கு லண்டனின் ஃபின்ச்லி ஊருக்கு மெரிவெதர் செய்து கொடுத்த வண்டியில், சக்கரத்தைச் சுழற்றிய அதே பெட்ரோல் இன்ஜினே பம்பையும் சுழற்றியது. பிறகு வந்தவை எல்லாம் அந்த வழிதான். 1908-இல் கில்ஃபோர்டு டென்னிஸ் சகோதரர்களின் கம்பெனி பிராட்ஃபோர்டு நகருக்குத் தன் முதல் தீயணைப்பு வண்டியைக் கொடுத்தது. லண்டனின் சிவப்பு வண்டி என்றால் டென்னிஸ் என்று ஆகும்வரை அந்தக் கம்பெனி ஓயவில்லை. 1921-இல் குதிரைகள் கடைசியாக விடைபெற்றன. வண்டியின் அமைப்பு மட்டும் குதிரைக் காலத்தோடு நின்றுவிட்டது. வீரர்கள் வண்டியின் இருபக்கமும் வெளியே முகம் காட்டி, கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்து போவார்கள். மழை, பனி எல்லாம் நேராக முகத்தில். திருப்பத்தில் கை நழுவினால் ஆள் தெருவில். அந்த அமைப்புக்கு பிரெய்ட்வுட் பெயரையே வைத்திருந்தார்கள். கூரையும் கதவும் உள்ள வண்டிகள் பரவ 1930-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1936 நவம்பர் 30 இரவு, ஸ்ட்ரெதம் மேட்டில் நின்றவர்களுக்குக் கிழக்கு வானம் சிவந்து தெரிந்தது. கிரிஸ்டல் பேலஸ் எரிந்துகொண்டிருந்தது. 89 வண்டிகள், 400-க்கும் மேற்பட்ட வீரர்கள். விடிந்தபோது இரும்புச் சட்டங்களும் இரண்டு நீர்க்கோபுரங்களும் மிச்சம்.

அடுத்து வந்தது போர். பிரிட்டன் முழுதும் அப்போது 1,600-க்கும் மேற்பட்ட தீயணைப்புப் படைகள். ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு சட்டம், ஒரு சீருடை. ஓர் ஊரின் ஹோஸ் அடுத்த ஊரின் ஹைட்ரண்டில் பொருந்தாத கூத்தும் உண்டு. 1938-இல் துணைத் தீயணைப்புப் படையை உருவாக்கி ஆண்களையும் பெண்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். ஆள் கிடைத்தாயிற்று, வண்டிக்கு எங்கே போவது? இன்ஜினும் பம்பும் மட்டும் உள்ள இரு சக்கர டிரெய்லர் பம்பைத் தொழிற்சாலைகள் வேகமாகச் செய்து தள்ளின. அதை இழுக்க லண்டன் டாக்ஸிகளை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒன்றிரண்டல்ல, 2,000-க்கும் மேல். கூரை மேல் ஏணி, பயணிகள் உட்காரும் இடத்தில் வீரர்கள், பெட்டி வைக்கும் இடத்தில் ஹோஸ் சுருள், பின்னால் பம்பு. முந்தின மாதம் வரை விக்டோரியா ஸ்டேஷனில் சவாரிக்குக் காத்திருந்த வண்டி, அடுத்த மாதம் குண்டு விழும் தெருவில். ஓட்டியவர்களிலும் டாக்ஸிக்காரர்கள் உண்டு. சந்து பொந்தெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவனைவிட நல்ல டிரைவர் இருக்க முடியாது. விசித்திரமான தீயணைப்பு வண்டிகள் என்று பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த டாக்ஸிகளை. என் கணக்கில் முதலிடம் இவற்றுக்குத்தான்.

1940 டிசம்பர் 29 இரவு லண்டன் சிட்டி பகுதியில் எரிகுண்டுகள் மழையாகப் பெய்தன. தெருவுக்கு அடியில் பிரதான குழாய்கள் குண்டில் உடைந்துவிட்டன. தேம்ஸ் நதிக்கு ஓடினார்கள். அன்று ஆறு வற்றம், தண்ணீர் கரையிலிருந்து சேற்றுக்கு அப்பால் விலகிக் கிடந்தது. பம்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆறு கண்முன்னே இருக்கிறது. ஹோஸ் வாயில் தண்ணீர் மட்டும் இல்லை. பிரெய்ட்வுட் நூறு ஆண்டுக்கு முன்னே கேட்ட கேள்வி திரும்பி வந்து நின்றது. அதன்பிறகு இடிந்த கட்டடங்களின் அடித்தளங்களைத் தொட்டிகளாக்கித் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். தெரு ஓரமாக இரும்புக் குழாய் பதித்தார்கள். 1941 ஆகஸ்டில் எல்லாப் படைகளையும் ஒன்றாக்கி தேசியத் தீயணைப்புப் படை என்று பெயரிட்டார்கள். லண்டன், குரோய்டன் என்ற எல்லையெல்லாம் காணாமல் போனது. 1948 ஏப்ரலில் தீயணைப்பு மறுபடியும் உள்ளாட்சிகள் கைக்கே போனது.

இப்போது தலைப்பு வண்டிக்கு வருவோம்.

போர் முடிந்த கையோடு அடுத்த போருக்கான பயம் தொடங்கியது, இம்முறை அணுகுண்டு. 1949-இல் துணைத் தீயணைப்புப் படைக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1953-க்கும் 1956-க்கும் இடையில் அதற்காக ஆயிரக்கணக்கில் கட்டியவைதான் பச்சை நிற பெட்ஃபோர்டு பம்பு வண்டிகள். கிரீன் காடெஸ், பச்சை தேவி, என்பது மக்கள் வைத்த பெயர். ராணுவ லாரியின் சேஸி மேல், லண்டன் பஸ்களுக்கு உடல் கட்டிய பார்க் ராயல் போன்ற கம்பெனிகள் மேல்பாகத்தை அமைத்தன. 4.9 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். பவர் ஸ்டீரிங் கிடையாது. ஹை ரோட்டு முனையில் அதைத் திருப்புவதற்கு இரு தோளும் வேண்டும்.

இதன் பம்பு நிமிடத்துக்கு 900 கேலன் தள்ளும். நம் கணக்கில் 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நான்கு சக்கரமும் இழுக்கும் வகையில் தொட்டி 300 கேலன். வகுத்துப் பாருங்கள்: முழு வேகத்தில் ஓட்டினால் 20 விநாடியில் தொட்டி காலி. வடிவமைத்தவர்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. அந்த வண்டியின் முதல் வேலை தீயை அணைப்பதே அல்ல. அணுகுண்டு விழுந்த நகரத்தில் குழாய்கள் எல்லாம் உடைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, மைல்களுக்கு அப்பாலுள்ள ஆற்றிலோ ஏரியிலோ கால்வாயிலோ இருந்து தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவர வேண்டும். நீண்ட ஹோஸில் உராய்வால் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு வண்டியை நிறுத்தி, ஒன்று தள்ளியதை அடுத்தது வாங்கி மறுபடி அழுத்தம் ஏற்றித் தள்ளும். கிணற்றடியிலிருந்து கல்யாண வீடு வரை வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவோமே, அதே உத்திதான். 1940 டிசம்பர் இரவின் பாடத்தை அப்படியே லாரியாக வார்த்திருந்தார்கள்.

கூடவே வந்த துணை வண்டிகளில் ஒன்றின் பெயர் பிகினி. ரப்பர் தெப்பங்களைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போய், ஆற்றில் ஊதி மிதக்கவிட்டு, தெப்பத்தின் மேல் சிறு பம்புகளை வைத்துத் தண்ணீர் எடுப்பார்கள். சேற்றுக் கரையில் கனவண்டி இறங்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. தேம்ஸ் வற்றத்தில் பட்ட பாட்டை மறக்கவில்லை பாருங்கள்.

தெப்பத்தில் ஏறிய அந்தச் சிறு பம்புக்கும் ஒரு மறுவாழ்வு உண்டு. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த கதை அது. போர்க்காலத்து டிரெய்லர் பம்பு கனமானது. அதைவிட எடை குறைந்த, ஆனால் கூடுதலாகத் தண்ணீர் தள்ளும் பம்பு வேண்டும் என்று அரசு கேட்டது. கோவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனியில் வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் அலுமினியத்தில் ஒரு குட்டி இன்ஜினைச் செய்தார்கள்: 1,020 சிசி, 38 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 350 கேலன். இறகு போல இலேசு என்ற பொருளில் எஃப்டபிள்யூ என்று பெயர். லண்டன் மோட்டார் கண்காட்சியில் வைத்தபோது அதைச் சுற்றி நின்றவர்கள் தீயணைப்பு அதிகாரிகள் இல்லை, கார் பந்தயக்காரர்கள். இத்தனை சின்ன எடையில் இத்தனை சக்தியா என்று கேட்டு, பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொன்னார்கள். 1954-இல் அது 1,098 சிசி பந்தய இன்ஜினாக வெளிவந்தது. 70 குதிரைத்திறனைத் தாண்டியது. லோட்டஸ், கூப்பர் போன்ற சின்னக் கம்பெனிகள் அதை மாட்டிக்கொண்டு பெரியவர்களை விரட்டின. ஜிம் கிளார்க் 1963-லும் 1965-லும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற லோட்டஸ் கார்களில் இருந்த கிளைமாக்ஸ் வி-8 இன்ஜினின் பெயரும் எஃப்டபிள்யூ என்றுதான் தொடங்குகிறது. அதே வம்சத்தின் இன்னொரு கிளை 1963-இல் ஹில்மன் இம்ப் என்ற சாதாரணக் குடும்பக் காருக்குள் போய்ச் சேர்ந்தது. குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட அந்தக் காரை ஓட்டியவர்களுக்கு முன்னோர் ஒரு தீயணைப்புப் பம்பு என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

பச்சை வண்டிகள் வராத போருக்காகக் காத்திருந்தன. 1968 மார்ச் கடைசியில் அரசு துணைத் தீயணைப்புப் படையைக் கலைத்தது. வண்டிகளை மட்டும் விற்கவில்லை. உள்துறைக் கிடங்குகளில் எண்ணெய் போட்டு, அவ்வப்போது இன்ஜினை ஓடவிட்டு, பத்திரமாக வைத்திருந்தார்கள். 1976 வறட்சியில் சில வெளியே வந்து தண்ணீர் இறைத்தன. 1977 நவம்பர் 14 அன்று எல்லாம் வெளியே வந்தன.

அன்று பிரிட்டனின் தீயணைப்பு வீரர்கள் முதன்முறையாக நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது 30 சதவீத ஊதிய உயர்வு. பிரதமர் கேலஹன் அரசின் வரம்பு 10 சதவீதம். நவீனச் சிவப்பு வண்டிகள் நிலையத்துக்குள் பூட்டிக் கிடக்க, சுமார் 10,000 ராணுவத்தினர் பச்சை வண்டிகளில் ஏறினார்கள். பலருக்கு ஏணி பிடிக்கவும் தெரியாது, தெருவும் தெரியாது. முன்னால் போலீஸ் வண்டி வழிகாட்டியது. ஆற்றிலிருந்து மைல்கணக்கில் தண்ணீர் தள்ளக் கட்டிய வண்டியைக் கொண்டுவந்து மாடிவீட்டுச் சமையலறைத் தீயின் முன் நிறுத்தினால் என்ன ஆகும்? இடிபாட்டில் சிக்கியவரை வெட்டி எடுக்கக் கருவி இல்லை, உயரத்துக்கு ஏணி போதாது. நிலைய வாசலில் இரும்புப் பீப்பாயில் விறகெரித்துக் குளிர்காய்ந்த வீரர்களுக்கு இந்தக் காட்சி இருபக்கமும் வலித்திருக்கும். வேலைநிறுத்தம் 1978 ஜனவரி நடுவில் முடிந்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 2002 நவம்பர் 13 அன்று தீயணைப்பு வீரர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தபோது, அதே வண்டிகள் மறுபடி தெருவுக்கு வந்தன. இதை நம் வாசகர்கள் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். டூட்டிங்கிலும் மிச்சத்திலும் ஸ்ட்ரெதத்திலும் நம்மவர் கடைகள் பெருகிவிட்ட காலம் அது. ஐம்பது வயதை நெருங்கிய லாரி, அதை ஓட்டியவன் அது கட்டப்பட்டபோது பிறக்கவே இல்லை. வேகமோ பரிதாபம். ஆனால் பாருங்கள், ஸ்டார்ட் ஆயின. எத்தனையோ வண்டிகள் அதுவரை சில ஆயிரம் மைல்தான் ஓடியிருந்தன.

2004-இல் விற்றுவிட அரசு முடிவெடுத்தது. சில சேகரிப்பாளர்களிடம் போயின. பல ஆப்பிரிக்க நாடுகளின் தீயணைப்புப் படைகளுக்குக் கப்பலேறின. ஐம்பதாண்டுக் காத்திருப்புக்குப் பின் அவற்றுக்குத் தினசரி வேலை அங்கேதான் கிடைத்தது. குழாய்த் தண்ணீர் நிச்சயமில்லாத ஊரில், ஆற்றிலிருந்து உறிஞ்சும் 900 கேலன் பம்பு பழம்பொருள் ஆகாது.

இங்கிலாந்தில் கட்டிய வண்டி வெளியூரில் ஆயுள் முழுக்க உழைத்த கதைக்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. சால்ஃபோர்டு ஜான் மாரிஸ் கம்பெனி 1914-இல் கட்டிய பெல்சைஸ் வண்டி ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தது. இரண்டு உலகப் போர்கள், நிஜாம் ஆட்சியின் முடிவு, இந்திய ரயில்வேயின் தொடக்கம் எல்லாவற்றையும் தாண்டி 1960 வாக்கில்தான் ஓய்வு. இப்போது டெல்லி சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழங்கார் ஊர்வலத்திலும் ஓடியிருக்கிறது. டெல்லி போகும் வாசகர்கள் ரயில் பெட்டிகளிலேயே நேரத்தைச் செலவழித்துவிடாமல் இதையும் எட்டிப் பாருங்கள். பித்தளையை விட்டு, பம்பைப் பாருங்கள்.

லண்டனில் மிஞ்சியவற்றின் பிழைப்பு வேறு விதம். கல்யாண மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றிச் செல்பவை உண்டு. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் இறந்தால் சவப்பெட்டியை ஏணிக்குக் கீழே வைத்து இறுதி ஊர்வலம் போகும் வழக்கமும் உண்டு. தனியார் வைத்திருக்கும் வண்டி சாலையில் நீல விளக்கைக் காட்டக் கூடாது என்பதால் உரிமையாளர்கள் அதற்கு உறை மாட்டிவிடுகிறார்கள். சாலை வரி கிடையாது. 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதற்கும் விரிந்த மாசுக் கட்டணத்திலிருந்தும் நாற்பது வயது தாண்டிய சரித்திர வண்டிகளுக்கு விலக்கு. பத்துப் பதினைந்து வயது டீசல் வேனில் காய்கறி ஏற்றி வரும் கடைக்காரர் நாளுக்கு 12.50 பவுண்டு கட்டுகிறார். விடுமுறையில் உல்லாசமாகக் கிளம்பிய 1955 மாடல் பச்சை தேவி, பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்து, புகையைக் கக்கிக்கொண்டு, ஒரு காசு கொடுக்காமல் அதே ஹை ரோட்டில் அவரை முந்திப் போகலாம். முந்துகிற வேகம் அதற்கு இருந்தால்.

அடுத்த இதழில் நார்பரி எல்லையைத் தாண்டுகிறோம்: குரோய்டனில் லண்டனுக்கு ஒரு விமான நிலையம் இருந்த காலம்.